பகாஸ் பணத்தை நம்பி மறுபடி கரும்பு நடலாமா?

தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான். மொரீஷியஸின் வடக்கே ரிவியேர் து ராம்பார் பக்கத்தில் அவர் அப்பா விட்டுப்போன இரண்டு ஆர்ப்பான் (ஆர்ப்பான் என்பது ஏறக்குறைய ஓர் ஏக்கர்) நிலம் நான்கு ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கிறது. மின்சாரத்துக்காகக் கரும்பு போட்டால் அரசாங்கம் பணம் தருகிறது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அதை நம்பி மறுபடி நடலாமா? வெளிநாடுகளில் எரிபொருள் பயிருக்கு விவசாயிகளுக்கு மானியம் கொடுத்தார்களே, அது எப்படிப் போயிற்று?

நான் கரும்புத் துறையில் களப்பணியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் சிறு தோட்டக்காரர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். என் பதில்: நடலாம். ஆனால் பகாஸ் பணம், அதாவது கரும்புச் சக்கைக்குக் கிடைக்கும் பணம், அதை மட்டும் நம்பி நடாதீர்கள். ஏன் என்று விளக்க வேண்டுமானால், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்க வேண்டும்.

போன வருடம் ஒரு பாட்டி தன் பட்டுவாடாச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்து கொண்டு வந்தார். கணவர் இறந்தபின் ஒரு ஆர்ப்பானை அவரே பார்த்துக்கொள்கிறார். சீட்டைப் பிரித்து மேசைமேல் வைத்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, "இது என்ன காசு, இது என்ன காசு" என்று கேட்டார். சர்க்கரைக்கு இவ்வளவு, பாகுக்கு இவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பகாஸ் என்ற வரி வந்ததும், "இது கவர்மெண்ட் பென்ஷனா?" என்றார். "இல்லை ஆயா, நீங்கள் அனுப்பிய கரும்பின் சக்கையை எரித்து மின்சாரம் எடுத்து விற்றிருக்கிறார்கள், அதன் விலை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இத்தனை வருஷம் சக்கையைச் சும்மாவா கொடுத்தோம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், ஏறக்குறைய ஆமாம் என்பதுதான்.

கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுப்பது இந்தத் தீவுக்குப் புதிதல்ல. 1957லேயே குட்லேண்ட்ஸ் பக்கத்து செயின்ட் அந்துவான் ஆலை தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தைப் பொதுக் கம்பிக்குக் கொடுத்தது. அந்த ஆலை இன்று இல்லை. 1980களில் ஃபிளாக்கில் பெரிய அளவில் ஆரம்பித்து, 2000இல் பெல் வியூவிலும் 2007இல் தெற்கே லா பராக்கிலும் பெரிய கொதிகலன்கள் வந்தன. ஜூன் முதல் டிசம்பர் வரை கூப் என்கிற அறுவடை நடக்கும்போது சக்கையை எரிப்பார்கள். கூப் முடிந்தபின் அதே கொதிகலனில் கப்பலில் வந்த நிலக்கரியை எரிப்பார்கள். ஆலை வைத்திருப்பவர்கள் மின்சாரத்தை விற்றுப் பணம் பார்த்தார்கள். கரும்பை வளர்த்தவனுக்கு அதில் வந்தது மிகச் சிறிய தொகை.

சர்க்கரைக்கு நல்ல விலை இருந்தவரை அதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 1975 முதல் ஐரோப்பா நம்மிடம் ஆண்டுதோறும் ஐந்து லட்சம் டன் அளவுக்கு உலகச் சந்தையைவிட அதிக விலையில் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தது. 2006இல் தொடங்கி அந்த விலையை 36 சதவீதம் குறைத்தார்கள். 2009இல் ஒப்பந்தமே முடிந்தது. 2017இல் ஐரோப்பா தன் சொந்த உற்பத்திக்கு வைத்திருந்த கட்டுப்பாட்டையும் நீக்கியதும், அடுத்த பயிருக்கு நமக்குக் கிடைத்த விலை டன்னுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கும் கீழே போயிற்று. உங்கள் அப்பா போல ஆயிரக்கணக்கானோர் கத்தியைத் தூக்கி வைத்தது அதற்குப் பிறகுதான். ஒரு காலத்தில் ஆறு லட்சம் டன்னைத் தாண்டிய தீவின் சர்க்கரை, இப்போது இரண்டரை லட்சம் டன்னுக்கும் கீழே நிற்கிறது. ஆலைகள் மூன்றே மூன்று.

அரசாங்கத்துக்கு இதில் இரண்டு கவலை. தோட்டம் தரிசானால் சக்கை குறையும், சக்கை குறைந்தால் அந்த இடத்தில் நிலக்கரி எரியும். 2030க்குள் மின்சாரத்தில் 60 சதவீதம் புதுப்பிக்கக்கூடிய மூலத்திலிருந்து வரவேண்டும், நிலக்கரியை விட்டுவிடவேண்டும் என்று இலக்கு வைத்ததும், சக்கையின் மதிப்பு திடீரென்று எல்லார் கண்ணிலும் பட்டது. 2021-22 வரவுசெலவுத் திட்டத்தில் பகாஸிலிருந்து வரும் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 3.50 ரூபாய் என்று மதிப்பு வைத்து, தோட்டக்காரருக்கு ஒரு டன் சர்க்கரைக்கு 3,300 ரூபாய் என்று அறிவித்தார்கள்.

இந்த 3,300ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள், தம்பி. நம் ஊரில் ஏறக்குறைய பத்து டன் கரும்புக்கு ஒரு டன் சர்க்கரை வரும். அந்தப் பத்து டன்னிலிருந்து விழும் சக்கை மூன்று டன், பாதி ஈரத்தோடு. 3,300ஐ 3.50ஆல் வகுத்தால் 943 யூனிட். அதாவது ஒரு டன் கரும்புக்கு 94 யூனிட் மின்சாரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நல்ல உயர் அழுத்தக் கொதிகலன் இருக்கும் இடத்தில் இதைவிட அதிகமாகவே எடுக்க முடியும். ஆகவே இது தர்மக் காசு இல்லை. மூன்று டன் சக்கை தரும் வெப்பத்துக்கு ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான நிலக்கரி வேண்டும். அந்த நிலக்கரிக்கு டாலரில் பணம் கட்டி, கப்பல் கூலியும் கொடுத்து போர்ட் லூயிஸில் இறக்குகிறோம். அதே வெப்பம் உங்கள் நிலத்தில் மழையிலும் வெயிலிலும் விளைந்தால் அதற்கு விலை உண்டு என்று ஒப்புக்கொள்வதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கரும்பு தின்னக் கூலியா என்று கேட்பார்கள். நாம் கேட்பது கரும்பைத் தின்றதற்கான கூலி இல்லை, விளைவித்ததற்கான கூலி.

சரி, உங்கள் இரண்டு ஆர்ப்பானுக்கு எவ்வளவு வரும்? ஆர்ப்பானுக்கு 25 டன் விளைந்தால் மொத்தம் 50 டன் கரும்பு, 5 டன் சர்க்கரை. ஆலை தன் கூலியாக 22 சதவீதச் சர்க்கரையை எடுத்துக்கொண்டு 78 சதவீதத்தை உங்கள் கணக்கில் எழுதும். சுமார் 4 டன் என்று வையுங்கள். அந்த 4 டன்னுக்கு 3,300 வீதம் 13,200 ரூபாய். நான்கு வருடத் தரிசைக் கிளறி, புதர் வெட்டி, கரணை (விதைக்கரும்புத் துண்டு) வாங்கி நடும் செலவில் இது ஒரு மூலைக்குத்தான் காணும். சர்க்கரை விலையோடு சேர்த்தால்தான் இது பணம். தனியாகப் பார்த்தால் உரத்துக்கும் களைக்கும் கைகொடுக்கும், அவ்வளவே. சிறு தோட்டக்காரருக்கு முதல் 60 டன் சர்க்கரைக்கு அரசாங்கம் உத்தரவாத வருமானம் என்று 2020இலிருந்து வைத்திருக்கிறது. அந்தந்த ஆண்டின் தொகையையும், அதற்குள் பகாஸ் பணம் எப்படிச் சேர்க்கப்படுகிறது என்பதையும் சங்கத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிக் கடன் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. பணம் சக்கைக்கு, ஆனால் அளப்பது சர்க்கரையை. இரண்டு பேர் ஒரே எடை கரும்பு அனுப்புகிறார்கள். ஒருவர் கரும்பில் சர்க்கரை அதிகம், நார் குறைவு. இன்னொருவர் கரும்பில் நார் அதிகம், சர்க்கரை குறைவு. கொதிகலனுக்கு அதிகம் கொடுத்தவர் இரண்டாமவர். பகாஸ் பணம் அதிகம் வாங்குபவர் முதலாமவர்.

சாதாரணக் கரும்பில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு பங்கு நார். ரெதுயியில் இருக்கும் கரும்பு ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளாகக் காட்டுக்கரும்பு இனங்களோடு கலப்பினம் செய்து, நார் இருபது பங்குக்கு மேல் போகும் வகைகளை உருவாக்கிப் பார்த்திருக்கிறது. எரிசக்திக் கரும்பு என்கிறார்கள். அதை வயலில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். தடி மெலிந்து, தூருக்குத் தூர் நெருங்கி, ஆள் நுழைய இடமில்லாமல் நிற்கும். ஒடித்துப் பல்லில் கடித்தால் சாறு கொஞ்சம்தான் வரும், வாயில் நார் மிஞ்சும். மோசமான மண்ணிலும் மழை குறைந்த இடத்திலும் தாக்குப்பிடிக்கும், வெட்டிய தூரிலிருந்து தழைக்கும் மறுதாம்பும் அதிக ஆண்டு வரும். தரிசு நிலத்துக்கு ஏற்ற பயிர் என்று அதனால்தான் சொல்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் உங்கள் ஆலை நாருக்குத் தனியாக எடை போட்டு, தனியாக விலை சொல்லி, எழுத்தில் கொடுக்காத வரை ஒரு கரணைகூட நடாதீர்கள். சர்க்கரையை அளந்து பணம் கொடுக்கும் தராசில் அந்தக் கரும்பைக் கொண்டுபோய் நிறுத்தினால் நஷ்டம் முழுவதும் உங்களுக்கு.

இப்போது வெளிநாட்டுக் கதைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது.

இங்கிலாந்தில் வடக்கு யார்க்‌ஷயரில் எக்பரோ என்ற இடத்தில் மரத்துண்டுகளை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று கட்டினார்கள். அதற்கு எரிபொருளாக வில்லோ என்ற மரத்தைச் சுற்றுவட்டார விவசாயிகள் நட வேண்டும். வில்லோவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடியோடு வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும், நம் மறுதாம்பு மாதிரி. இருபது வருடம் நிற்கும் பயிர். நடுவதற்கு அரசாங்க மானியம் கிடைத்தது, வாங்குவதற்கு ஆள் தயார், ஒப்பந்தமும் கையில் இருந்தது. கோதுமை நிலத்தில் வில்லோ குச்சிகளை நட்டார்கள். 2002இல், நிலையம் முழுதாக ஓட ஆரம்பிக்கும் முன்பே அதை நடத்திய நிறுவனம் திவாலாகியது. மரம் வயலில் நின்றது. வாங்க ஆள் இல்லை.

யோசித்துப் பாருங்கள். மானியத்தில் குறை இல்லை, பயிரில் குறை இல்லை, விவசாயி ஏமாற்றவில்லை. நடும் நாளுக்குப் பணம் இருந்தது. வெட்டும் நாளுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. அதன் பிறகும் இங்கிலாந்து நடவுக்குத்தான் மானியம் கொடுத்தது, செலவில் பாதி வரைக்கும், 2013 வரை. 2007இல் அவர்கள் வகுத்த திட்டத்தில் மூன்றரை லட்சம் ஹெக்டேர் வரை இந்தப் பயிர்கள் வளரலாம் என்று எழுதினார்கள். நடந்தது பத்தாயிரம் ஹெக்டேரைச் சுற்றித்தான். ஒரு முறை அண்டை வீட்டுக்காரன் வயலில் விற்காத மரத்தைப் பார்த்தவன் எந்த மானியத்துக்கும் அசைய மாட்டான்.

மற்றவை வேறு வகைத் தவறுகள். ஐரோப்பிய ஒன்றியம் 2004 முதல் எரிபொருள் பயிருக்கு ஹெக்டேருக்கு 45 யூரோ கொடுத்தது. ஏற்கெனவே கடுகு வகை போட்டுக்கொண்டிருந்தவர்களே பெரும்பாலும் வாங்கிக்கொண்டார்கள், கேட்டவர்கள் ஒதுக்கிய பரப்பைத் தாண்டியதும் தொகை சுருங்கியது, 2009 ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கா 2008 சட்டத்தில் விவசாயிக்கு நடவுச் செலவும் ஆண்டுத் தொகையும் என்று நன்றாகவே திட்டமிட்டது. ஆனால் எரிபொருளைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு உலர்ந்த டன்னுக்கு 45 டாலர் வரை என்று ஒரு பகுதி வைத்தார்கள். பணத்தின் பெரும்பங்கு புதிதாக எதையும் நடாத மரக்கழிவு வியாபாரத்துக்குப் போயிற்று. மரத்தூளை வாங்கிப் பலகை செய்துகொண்டிருந்தவர்களுக்கு மூலப்பொருள் கிடைக்காமல் போய் அவர்கள் கூச்சல் போட்டார்கள். ஜெர்மனியில் எரிவாயுவுக்காக மக்காச்சோளம் போட்டால் மின்சாரத்துக்குக் கூடுதல் விலை என்றார்கள். சோளம் பெருகிக் குத்தகை ஏறியது, 2012இல் புதிய நிலையங்களில் சோளத்தின் பங்குக்கே வரம்பு கட்டினார்கள். குத்தகை நிலத்தில் மாடு வளர்த்தவனுக்கு அந்த மானியத்தால் வந்தது கூடுதல் வாடகை மட்டும்.

பர்மாவில் மானியமே இல்லை, கட்டளை இருந்தது. 2005 முடிவில் ராணுவ அரசு மூன்று ஆண்டில் 80 லட்சம் ஏக்கரில் காட்டாமணக்கு நடச் சொன்னது. டீசலுக்காக. வீட்டு வாசலிலும் சாலையோரத்திலும்கூட நட்டார்கள். விதையை வாங்கி எண்ணெய் ஆட்டுவதற்கு ஏற்பாடு இல்லாமல் செடிகள் வீணாயின. விவசாயி தன் கைக்காசில் விதை வாங்கி நட்ட இடங்களும் உண்டு. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பக்கத்துத் தீவான ரீயூனியனைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் பயிரும் அவர்கள் பயிரும் ஒன்று. அங்கே 2009 முதல் தோட்டக்காரருக்குப் பகாஸுக்கென்று தனித்தொகை உண்டு. அதைக் கரும்பின் டன் எடைக்குக் கொடுக்கிறார்கள். சர்க்கரையோடு மட்டும் கட்டிப்போடாததால் கணக்கு எளிது. இதை நாமும் எடுத்துக்கொள்ளலாம் என்று எங்கள் சங்கக் கூட்டங்களில் நான் விடாமல் சொல்லிவருகிறேன். ஆனால் அதே தீவில் புவா ரூஜ், லெ கோல் ஆகிய இரண்டு நிலையங்களும் கூப் இல்லாத மாதங்களுக்கு நிலக்கரியை விட்டு மரத்துகள் வில்லைகளுக்கு மாறியிருக்கின்றன. அவை கடல் கடந்து வருகின்றன. நம் அரசாங்கத்தின் திட்டத்திலும் பகாஸ், கரும்புச் சோகை, எரிசக்திக் கரும்பு, மரம் என்று எல்லாம் ஒரே கூடையில் இருக்கின்றன. உயிர்ப்பொருள் (பயோமாஸ்) என்ற ஒரே பெயரில் இறக்குமதி மரத்துக்கும் உள்ளூர்க் கரும்புக்கும் ஒரே மதிப்பு வைத்தால், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஜெயிக்கும், ரிவியேர் து ராம்பாரின் கல் நிலம் தோற்கும். சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டிய இடம் இது.

சோகையைப் பற்றி ஒரு வார்த்தை. அறுத்தபின் வயலில் கிடக்கும் காய்ந்த இலையையும் கட்டுக் கட்டி எரிக்க வாங்கலாம் என்று ஆட்கள் வந்து கேட்பார்கள். வடக்கில் மழை குறைவு. அந்தச் சோகை மண்ணைப் போர்த்தி ஈரத்தைப் பிடிக்கிறது, களையை அமுக்குகிறது. பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்குக் கிடைக்கும் காசை அடுத்த வருடம் களைக்கொல்லிக்குக் கொடுத்துவிடுவீர்கள்.

இனி உங்கள் நிலம். ஒரு தடவை நட்டால் முதல் பயிரும் ஆறேழு மறுதாம்பும் எடுக்க வேண்டும், அப்போதுதான் நடவுச் செலவு திரும்பும். தைப்பூசம் கழிந்து மழை இறங்கும் மாதங்களில் நட்டால் முதல் வெட்டு அடுத்த ஆண்டு கூப்பில்தான். அதுவரை உள்ளே போகும் பணம் மட்டுமே. ஆகவே யாராவது மானியம் என்று சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை வருடத்துக்கு என்பதுதான். வருடா வருடம் வரவுசெலவு உரையில் அறிவிக்கும் தொகை அடுத்த வருடம் மாறலாம். ஏழு வருடப் பயிருக்கு ஒரு வருட வாக்குறுதி போதாது. ஏழு வருடத்துக்குக் குறைந்தபட்ச பகாஸ் விலையை எழுத்தில் கொடுத்தால், தரிசு கிடக்கும் நிலத்தில் எவ்வளவோ பச்சையாகிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு ஆர்ப்பானைத் தனியாக வைத்துக்கொண்டு இயந்திரம் அழைக்க முடியாது. ஆளை வைத்து வெட்டினால் அறுவடைக் கூலியே பாதியைத் தின்றுவிடும். சின்ன நிலங்களைச் சேர்த்து, கல் பொறுக்கி, ஒன்றாக நட வைக்கும் திட்டம் 2006க்குப் பிறகு இங்கே நன்றாக நடந்தது. எங்கள் ஊரில் அதில் சேர்ந்த பதினோரு குடும்பங்களில் ஒன்பது இன்னும் கரும்பு போடுகின்றன. சேராமல் தனியாக நின்றவர்களில் பலர் விட்டுவிட்டார்கள். உங்கள் அப்பாவின் நிலத்து நடுவில் கல்மேடு ஒன்று இருக்கும். அங்கே எல்லா நிலத்திலும் இருக்கும், நம் தாத்தாக்கள் வெறும் கையால் பொறுக்கி அடுக்கியது. அதை அகற்றாமல் இயந்திரம் திரும்பாது, அகற்றும் செலவைத் தனியாளாகத் தாங்கவும் முடியாது.

அதனால் வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைப் போய்ப் பாருங்கள். குறைந்தது நான்கைந்து பேர் ஒப்புக்கொண்டால், எல்லாருமாகச் சேர்ந்து பெல் வியூ ஆலையில் கரும்பு எடுக்கும் பிரிவில் பேசுங்கள். நியாய வணிகச் (ஃபேர்டிரேட்) சான்று பெற்ற கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தால் சர்க்கரை டன்னுக்குக் கூடுதல் தொகை சங்கத்துக்கு வரும், அதை உரத்துக்கும் நடவுக்கும் பயன்படுத்துகிறார்கள். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். எல்லாவற்றையும் கரும்புக்கே கொடுக்காமல் சாலையோரமாக அரை ஆர்ப்பானைக் காய்கறிக்கு ஒதுக்குங்கள், முதல் வெட்டு வரும்வரை வீட்டுச் செலவுக்கு அது வேண்டும். அப்புறம் அப்பாவின் பழைய பட்டுவாடாச் சீட்டுகள் பெட்டியில் எங்காவது இருக்கும். எடுத்து வாருங்கள். அந்த நிலம் நன்றாக விளைந்த வருடங்களில் எத்தனை டன் கொடுத்தது என்று அதில் இருக்கும், நம் கணக்கை 25 டன்னில் தொடங்காமல் அந்த எண்ணிலிருந்து தொடங்கலாம்.